பனியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கீ சொல்லித்தர விமானம் ஏறுகிறவர்கள்

மார்ச் பிறந்ததும் அலாஸ்காவின் வடமேற்கு மூலையை நோக்கிச் சிறு குழுக்கள் கிளம்புகின்றன. முதுகில் உறக்கப்பை, தோளில் ஆள் உயரத்துக்கு, ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளின் உறை. சாலையே இல்லாத கிராமங்களில் இறங்கி, பள்ளி வகுப்பறைத் தரையில் படுத்து, ஒரு வாரம் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். சம்பளம் கிடையாது. கனடாவின் வடபகுதிகளிலும் இதே மாதிரி முயற்சிகள் நடக்கின்றன.

இதைக் கேள்விப்படுகிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. ஆண்டில் பாதிக்கு மேல் பனியில் கிடக்கும் ஊரின் பிள்ளைகளுக்கு வெளியாள் வந்து பனிச்சறுக்கு கற்றுத்தர வேண்டுமா? மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்குகிற கதையாக அல்லவா இருக்கிறது! அடுத்தது, ஒரு வாரத்தில் அப்படி என்ன வந்துவிடப்போகிறது? முதல் சந்தேகத்துக்கு வரலாறு பதில் சொல்லிவிடும். இரண்டாவது அவ்வளவு சுலபம் இல்லை.

எந்தச் சறுக்கு, எந்த ஊர்?

பனிச்சறுக்கு என்றதும் செங்குத்தான மலைச்சரிவும், கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியும், சொகுசு விடுதியும் நினைவுக்கு வரும். அது ஆல்பைன் வகை. இங்கே பேசப்போவது நார்டிக் வகை. கிராஸ் கன்ட்ரி என்றும் சொல்வார்கள். சமதரையிலும் காட்டுப்பாதையிலும் உறைந்த ஆற்றின் மேலும் சொந்தக் காலால் உந்திக்கொண்டே போவது. ஸ்கீ ஒடுக்கமாகவும் இலேசாகவும் இருக்கும். பூட்ஸின் முனை மட்டும் ஸ்கீயோடு பூட்டிக்கொள்ளும். குதிகால் நடக்கும்போது எழுவதுபோல மேலே எழும்.

நார்டிக்கில் இரண்டு நடைகள். கிளாசிக் என்பது இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து, ஒன்றை மாற்றி ஒன்று உதைத்துப் போவது. இதற்கு ஸ்கீயின் அடியில் நடுப்பகுதி பனியைப் பற்றிக்கொள்ள வேண்டும். போட்டியாளர்கள் அங்கே வெப்பநிலைக்குத் தக்கபடி பச்சை, நீலம் என்று வெவ்வேறு மெழுகு தேய்ப்பார்கள். பிள்ளைகளுக்குத் தரும் ஸ்கீயில் பெரும்பாலும் மீன் செதில் போன்ற வெட்டு இருக்கும். மெழுகுத் தொல்லை இல்லை. ஸ்கேட் நடை என்பது காலை 'வி' வடிவில் விரித்துப் பக்கவாட்டில் தள்ளிப் போவது. இதற்கு அகலமான, இறுகிய பாதை வேண்டும். வடக்குக் கிராமங்களில் ஸ்னோமெஷின் ஓடி ஓடி அழுத்திய தடம் ஏற்கெனவே கிடக்கிறது. ஸ்னோமொபைல் என்று மற்ற இடங்களில் சொல்வதைத்தான் அலாஸ்காவில் ஸ்னோமெஷின் என்கிறார்கள்.

ஆக, லிஃப்ட் வேண்டாம், மலை வேண்டாம், நுழைவுக் கட்டணம் வேண்டாம். இந்தக் கிராமங்களில் நார்டிக் ஸ்கீயிங்குக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, கருவியையும் கற்றுத்தர ஓர் ஆளையும் தவிர.

'தொலைதூரம்' என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, கடற்கரையில் இருக்கிறது காட்ஸபியூ. சுமார் 3,000 பேர் வாழும் ஊர். சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் நகரம். அந்த வட்டாரத்தில் காட்ஸபியூவையும் சேர்த்து மொத்தம் 11 ஊர்கள். கியானா, நோர்விக், செலாவிக், ஆம்ப்ளர் போன்றவற்றில் சில நூறு பேர்தான். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சாலை இல்லை. அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜிலிருந்து ஜெட் விமானத்தில் காட்ஸபியூ, அங்கிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிராமத்து ஓடுதளம். அங்கே யாராவது ஸ்னோமெஷினில் வந்து, பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த விமானம் எப்போது என்பது வானிலையின் கையில்.

பனியில் வாழ்கிறவர்களுக்கு ஸ்கீ தெரியாதா?

பனி இருக்கும் இடமெல்லாம் ஸ்கீ இருந்திருக்கும் என்பது நம் ஊகம்தான். ஸ்கீ வேரூன்றியது ஸ்காண்டிநேவியாவிலும் வட ஆசியாவிலும். வட அமெரிக்காவின் வடக்கில் பழங்குடி மக்கள் வேறு தீர்வு கண்டார்கள். காட்ஸபியூ வட்டாரத்து இன்யூப்பியாட் மக்கள் கடற்பனியிலும் மரமற்ற தூந்திரவெளியிலும் நாய் பூட்டிய சறுக்குவண்டியை நம்பினார்கள். காட்டுப்பக்கம் வாழும் குவிச்சின் மக்களுக்குப் பனிமிதியடி. ஆழமான, பொலபொலவென்ற பனியில் மரங்களுக்கு நடுவே பொறி வைத்துக்கொண்டு நடக்க அதைவிடத் தோதான கருவி கிடையாது. 1960-களிலிருந்து ஸ்னோமெஷின் வந்து நாய் வண்டியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இடையில் ஒருமுறை ஸ்கீ வந்து போனதும் உண்டு. அலாஸ்காவில் ரெயின்டீர் எனப்படும் பனிமான் மேய்ப்பைக் கொண்டுவர அமெரிக்க அரசு 1890-களில் முயன்றபோது, வட நார்வேயிலிருந்து 'சாமி' என்ற பழங்குடியைச் சேர்ந்த மேய்ப்பர்களை வரவழைத்தது. 1898-இல் வந்த பெரிய கூட்டத்தில் குழந்தை குட்டிகளோடு 113 பேர். மேய்ப்பர்களுக்கு ஸ்கீ அன்றாடக் கருவி. அதில் ஏறித்தான் மந்தையைச் சுற்றி வருவார்கள். அவர்களிடமிருந்து இன்யூப்பியாட் இளைஞர்கள் மான் மேய்ப்பைக் கற்றார்கள். மேய்ப்பு சுருங்கியதும் ஸ்கீயும் அதோடு போயிற்று.

ஆகவே 'இவர்களுடைய மரபை இவர்களுக்கே திருப்பித் தருகிறோம்' என்று எந்தத் தொண்டு நிறுவனமாவது சொன்னால் அது விளம்பர வசனம். ஸ்கீ அவர்களுக்கு வந்த விளையாட்டு. பள்ளிக்குப் பள்ளி இன்று தலைக்கேறியிருக்கும் கூடைப்பந்து எப்படி வந்ததோ அப்படித்தான். வந்த விளையாட்டு ஓர் ஊரில் நிலைக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குக் கனடாவில் ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது.

இனுவிக், 1967

பிரான்சில் பிறந்த ழான்-மாரி மூஷே என்ற, ஓப்லேட் எனும் கத்தோலிக்கத் துறவுச் சபைப் பாதிரியார் 1950-களில் யூகான் பிரதேசத்தின் ஓல்ட் குரோ கிராமத்தில் இருந்தார். யூகானில் இன்றும் சாலை எட்டாத ஒரே ஊர் அது. பொறி வைத்து வேட்டையாடும் குவிச்சின் மக்கள் நாள் முழுக்கப் பனியில் நடப்பதைப் பார்த்தவர், இந்த மூச்சும் காலும் ஸ்கீக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தார். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஸ்கீ பழக்கத் தொடங்கினார். பிறகு மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் இனுவிக்குக்கு மாறியபோது, 1967-இல் மத்திய அரசின் பணத்தோடு அது ஒரு திட்டமாக உருவெடுத்தது. வடக்குப் பிரதேசப் பரிசோதனை ஸ்கீ பயிற்சி என்று பெயர்; சுருக்கமாக 'டெஸ்ட்'. தெற்கோடு இனுவிக்கை இணைத்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை திறந்தது 1979-இல்தான். அதற்குள் இனுவிக் பிள்ளைகள் ஒலிம்பிக்குக்கே போய்வந்துவிட்டார்கள்.

அவர்களில் முக்கியமானவர்கள் ஷேரன், ஷெர்லி ஃபர்த் என்ற குவிச்சின் இரட்டையர். 1972 சப்போரோ, 1976 இன்ஸ்புருக், 1980 லேக் பிளாசிட், 1984 சரயேவோ என நான்கு குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஓடினார்கள். தேசியப் போட்டிகளில் இருவரும் சேர்ந்து வாங்கிய பதக்கங்கள் 79. 1987-இல் இருவருக்கும் கனடாவின் உயர் குடிமை விருதான 'ஆர்டர் ஆஃப் கனடா' கிடைத்தது.

இந்த வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் ஒரு பகுதியை விழுங்கிவிடுவார்கள். டெஸ்ட் திட்டத்தில் ஓடிய பிள்ளைகள் பலர், வீட்டைப் பிரிந்து இனுவிக்கின் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்து வளர்த்த கனடாவின் உறைவிடப் பள்ளி முறையின் அங்கம் அந்த விடுதிகள். அவற்றில் ஒன்றான குரோலியர் ஹாலின் கண்காணிப்பாளர்கள் சிலர் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்ததற்காகப் பின்னாளில் தண்டிக்கப்பட்டார்கள். அந்தச் சூழலில் ஸ்கீ தடம் சில பிள்ளைகளுக்கு மூச்சுவிடும் இடமாக இருந்திருக்கிறது. அதற்காக அந்தச் சூழல் நல்லதாகிவிடாது. இன்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து 'பிள்ளைகளை என்னோடு அனுப்புங்கள்' என்றால் ஒரு பாட்டி ஏன் ஒரு நொடி தயங்குகிறார் என்பதற்கான விடை இந்தப் பின்னணியில் இருக்கிறது. உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் 87 முதல் 91 வரை விளையாட்டைப் பற்றியவை. பழங்குடி விளையாட்டு வீரர்களின் வளர்ச்சிக்கு நீண்டகால ஆதரவு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 'நீண்டகால' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

டெஸ்ட் பலித்ததற்கு ஓட்டப்பந்தய ரகசியம் ஒன்றும் இல்லை. மூஷே அந்த மக்களோடு பல்லாண்டு வாழ்ந்தார். முழுநேரப் பயிற்றுநர் இருந்தார், பணம் ஆண்டுதோறும் வந்தது, நாள் தவறாமல் பயிற்சி நடந்தது. ஒரு வாரக் குழுக்களால் தர முடியாதவை இவை. இருந்தும் அந்தக் குழுக்கள் ஏன் தோன்றின?

பணம் போனது, பள்ளிக்கூடம் நிலைத்தது

அலாஸ்காவில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

1. முன்பெல்லாம் கிராமத்துப் பழங்குடிப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, சில சமயம் மாநிலத்தை விட்டே வெளியேறி, விடுதியில் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. மோலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் அறியப்படும் வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் மாநில அரசு உயர்நிலைப் பள்ளி கட்டித்தர ஒப்புக்கொண்டது. இன்று மிகச் சிறிய கிராமத்திலும் சூடான, விளக்கெரியும், உடற்பயிற்சிக் கூடத்தோடு கூடிய ஒரு பெரிய கட்டடம் இருப்பதற்குக் காரணம் இதுதான். தன்னார்வலர்கள் உறங்குவதும் அங்கேதான்.

2. அலாஸ்கா அரசின் வருமானம் எண்ணெயை நம்பியது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது அரசின் கையில் காசு வற்றியது. பள்ளிச் செலவில் கத்தி விழும்போது முதலில் போவது எது என்று சொல்லவா வேண்டும்? உள்ளே சூடாக ஆடும் கூடைப்பந்து தங்கியது. வெளியே போய், கருவி வாங்கி, பயணம் போய் ஆட வேண்டிய ஸ்கீ பல இடங்களில் தேய்ந்துபோயிற்று.

இந்த வெற்றிடத்தில்தான் 2012-இல் ஒலிம்பிக் ஸ்கீ வீரர் லார்ஸ் ஃப்ளோரா முன்னின்று நானாநார்டிக் என்ற திட்டத்தைத் தொடங்கினார். 'நானா' என்பது அந்த வட்டாரத்து இன்யூப்பியாட் மக்களே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனம். 1971-இன் அலாஸ்கா நில உரிமைச் சட்டத்தால் உருவான வட்டார நிறுவனங்களில் ஒன்று. ஸ்கீ வீரர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப் போவதில் அதன் ஆதரவு கிடைத்தது. பிறகு மாநிலத்தின் மற்ற மூலைகளுக்கும் பரவியபோது திட்டத்தின் பெயர் ஸ்கிகூ என்று மாறியது. இன்யூப்பியாக் மொழியில் பனிக்கட்டிக்குச் 'சிகு' என்று பெயர். அதையும் ஸ்கீயையும் பிசைந்து செய்த பெயர்.

கனடாவில் இதே வேலையைக் கொஞ்சம் வேறு விதமாகச் செய்வது ஸ்பிரிட் நார்த். நிறுவியவர் கனடாவின் ஸ்கீ வீராங்கனை பெக்கி ஸ்காட். 2002 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, தமக்கு முன்னால் வந்த இரண்டு ரஷ்ய வீராங்கனைகளும் ஊக்கமருந்துக்காக நீக்கப்பட்ட பிறகு 2004-இல் தங்கத்தைக் கையில் வாங்கியவர். அவருடைய அமைப்பு பழங்குடிச் சமூகங்களோடும் அவற்றின் பள்ளிகளோடும் கைகோத்து வேலை செய்கிறது.

அந்த வாரம் எப்படிப் போகும்?

ஏன் மார்ச், ஏப்ரல்? டிசம்பர் கடைசியில் காட்ஸபியூவில் பகல் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. ஏப்ரல் நடுவில் 15 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பனி அப்படியே இருக்கும், வெயிலும் இருக்கும், குளிரும் நடுக்குளிர்காலம் அளவுக்குக் கடிக்காது. ஸ்கீ பழக ஆண்டிலேயே தோதான காலம் இது.

ஒரு வகுப்பைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். உடற்பயிற்சிப் பாடவேளை 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள். கூடத்தின் தரையில் பூட்ஸ்கள் அளவுவாரியாக வரிசையில் நிற்கின்றன. 'உன் அளவு என்ன?' என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. போட்டுப் பார்த்து, கழற்றி, அடுத்ததைப் போட்டு, லேஸ் கட்டி முடிப்பதற்குள் இருபது நிமிடம் பறந்திருக்கும். வெளியே வந்தால் அடுத்த சிக்கல். பூட்ஸின் முனையில் ஒரு சின்ன உலோகக் கம்பி இருக்கும்; அது ஸ்கீயின் மேலுள்ள பைண்டிங் என்ற பூட்டின் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார வேண்டும். அடியில் பனி அப்பியிருந்தால் உட்காராது. கையில் ஊன்றிப் போகும் ஸ்கீ கம்பு ஒன்றின் கூர்முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குக் கையுறையைக் கழற்றாமல் முடியாது என்று பிள்ளை கழற்றிவிடும். இரண்டே நிமிடத்தில் விரல் விறைத்துப்போகும். அனுபவப்பட்ட பயிற்றுநர் முதல் நாள் சறுக்கக் கற்றுத்தருவதே இல்லை. பூட்ஸ் போட, பூட்ட, கழற்ற, அடுக்கக் கற்றுத்தருகிறார். மூன்றாம் நாள் அந்த இருபது நிமிடம் ஐந்தாகச் சுருங்கும். உண்மையான வகுப்பு அன்றைக்குத்தான் ஆரம்பம்.

கம்பு முதல் இரண்டு நாள் வேண்டாம் என்பது எங்கும் நடைமுறை. கையில் கம்பு இருந்தால் அதில் சாய்ந்து நிற்கத் தோன்றும், சமநிலை வராது. அதோடு, இருபது பிள்ளைகள் கையில் கூர்முனைக் கம்பு என்றால் கண்ணுக்கும் ஆபத்து. வெறுங்கையோடு ஓடிப்பிடித்து விளையாட விடுவார்கள். விழுந்தால் எழுவது எப்படி என்பது தனிப் பாடம்: ஸ்கீ இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவா, மண்டியிடு, எழுந்திரு. பெரியவர்கள் இதற்கே ஒரு நாள் எடுப்பார்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு, மறுநொடி பள்ளிக்குப் பின்னால் காற்று குவித்த பனிமேட்டைத் தேடிப் போய், அங்கிருந்து குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். திறமை ஒரு தடையே இல்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

தெற்கிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் ஒரு விஷயம் பேச்சு. 'புரிந்ததா?' என்று கேட்பார்கள். பிள்ளை வாய் திறக்காது. மறுபடி கேட்பார்கள், மறுபடியும் மௌனம். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பிள்ளை இரண்டு முறையும் பதில் சொல்லிவிட்டது. இன்யூப்பியாட், யூப்பிக் மக்களிடையே புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் இல்லை. பயிற்றுநர் பாதி நேரம் தரையில் கிடக்கும் ஸ்கீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளையும் முகத்தை மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

குளிர் எப்போது அதிகம்?

ஸ்கீ வழுக்குவது உராய்வால் உண்டாகும் மிக மெல்லிய நீர்ப்படலத்தின் உதவியால். குளிர் கூடக்கூட அந்தப் படலம் குறையும், பனித்துகள் கடினமாகும். மைனஸ் 20, 25 டிகிரியில் ஸ்கீ மணலில் இழுப்பதுபோலத்தான் நகரும். புதிதாகப் பழகும் பிள்ளை 'எனக்கு வரவில்லை' என்று நினைத்துக்கொள்ளும், குற்றம் பனியுடையது.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் தடத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் போட்டியைத் தள்ளிவைப்பார்கள் அல்லது ரத்து செய்வார்கள். அது பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கான எல்லை. பிள்ளைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். சூடு வேகமாக வெளியேறும். காற்றும் அடித்தால் கன்னத்தில் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றும். வலிக்காது, அதுதான் சிக்கல். அதனால் பிள்ளைகளை ஜோடி சேர்த்து, ஒருவர் கன்னத்தை ஒருவர் பார்க்கச் சொல்வார்கள். இதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தன்னார்வலருக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வெளியாள் பயப்படுவது கரடிக்கு. உள்ளூர்க்காரர் எச்சரிப்பது ஆற்றுக்கு. உறைந்த ஆற்றில் பனிக்கட்டிக்கு மேலே, பனிப்போர்வைக்குக் கீழே, சில இடங்களில் நீர் பரவி நிற்கும். ஓவர்ஃப்ளோ என்பார்கள். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை. காலை வைத்தால் முழங்கால் வரை நனையும். வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வெப்பம் மைனஸ் 20 என்றால் அந்த ஈரம் விளையாட்டில்லை. எந்தத் தடத்தில் போகலாம் என்பதை நேற்று அதில் ஸ்னோமெஷின் ஓட்டியவரிடம் கேட்க வேண்டும்.

புள்ளிவிவரம் இல்லாமலே சொல்லலாம், தன்னார்வலருக்கு முழுப் பயணத்திலும் கனமான ஆபத்து சின்ன விமானம்தான். 2025 பிப்ரவரியில் அலாஸ்காவின் உனலக்லீட்டிலிருந்து நோம் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்த செஸ்னா கேரவன் வகைச் சிறு விமானம் ஒன்று கடற்பனியில் விழுந்து, அதிலிருந்த 10 பேரும் இறந்தார்கள். ஆகவே வானிலை சரியில்லை என்று விமானி கைவிரித்தால் வாதாடக் கூடாது. திரும்பும் தேதிக்கு மறுநாளே அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் வைத்திருப்பவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இது மூன்று இடங்களில் குறுக்கிடும்.

1. பின்னணிச் சோதனை. பிள்ளைகளோடு பழகப் போகிறவர் மீது பழைய வழக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பது. கனடாவில் இதற்கென்றே, பிள்ளைகள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களோடு வேலை செய்வோருக்கான தனிக் காவல்துறைச் சோதனை உண்டு. இதைக் கேட்காத திட்டம் என்றால் விலகிவிடலாம்.

2. புகார் கடமை. அமெரிக்காவில் 2018-இல் கையெழுத்தான பாதுகாப்பான விளையாட்டுச் சட்டப்படி, தேசிய விளையாட்டு அமைப்புகளின் கீழ் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள், ஒரு பிள்ளை கொடுமைக்கு ஆளாவதாகச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. நியாயமான சந்தேகம் போதும். பிள்ளையோடு தனியே இருக்க நேர்ந்தால் மற்றவர் பார்க்கும்படி, குறுக்கிடும்படி இருக்க வேண்டும் என்பதும் நடைமுறை விதி.

3. மது. அலாஸ்காச் சட்டம் ஒவ்வொரு கிராமமும் வாக்களித்து மதுவைத் தடை செய்ய இடம் தருகிறது. அப்படிப் பல கிராமங்கள் செய்திருக்கின்றன. அங்கே விற்பது மட்டுமல்ல, கொண்டுவருவதும் குற்றம். பையில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு சின்னப் பாட்டில்கூட வழக்காகலாம். வழக்கு வராவிட்டாலும், இனி அந்த ஊரில் அந்தத் திட்டத்துக்கு வேலை இல்லை.

சரி, ஒரு வாரத்தால் என்ன பயன்?

குறுகிய காலத் தொண்டைப் பற்றி வரும் விமர்சனங்களில் இரண்டு இங்கே நேராகப் பொருந்தும். ஒன்று, விமானச் செலவுக்குப் போகும் பணத்தில் கருவியே வாங்கி அனுப்பிவிடலாமே என்பது. கணக்குப்படி சரிதான். ஆனால் பல திட்டங்களில் தன்னார்வலரே தம் நண்பர்களிடமும் சங்கத்திலும் கேட்டு அந்தப் பணத்தைத் திரட்டுகிறார். 'நான் போகிறேன்' என்பதால் வரும் பணம் அது. 'பூட்ஸ் பெட்டி போகிறது' என்றால் அதே கை அவ்வளவு தாராளமாக நீளாது. ஆளோடு சேர்ந்துதான் கருவியும் போகிறது. தவிர, கற்றுத்தர ஆளில்லாமல் போய்ச்சேரும் பூட்ஸ் பெட்டி கொட்டகையில் தூங்கும்.

இரண்டாவது விமர்சனம் கனமானது. பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை விமானம் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. அடுத்த ஆண்டு வேறு முகம். வருகிற ஆசிரியர்களே ஓரிரு ஆண்டில் மாறிப்போகும் ஊர்கள் இவை. போகிறவர்கள் பட்டியலில் இன்னும் ஒருவரைச் சேர்ப்பது பிள்ளைக்கு என்ன நன்மை? இதற்கு முழுப் பதில் கிடையாது. ஒரே ஆள் ஒரே கிராமத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதுதான் பாதிப் பதில். ஐந்து கிராமங்களுக்கு ஒவ்வொரு முறை போனவரைவிட, ஒரே கிராமத்துக்கு ஐந்து முறை போனவர் மேல்.

இன்னொன்றும் உண்டு. வடக்குப் பழங்குடி இளையோரின் மனநலச் சுமை பெரிது. அதை ஒரு ஸ்கீ வாரம் தீர்த்துவிடும் என்ற தொனியில் எழுதப்படும் நன்கொடை வேண்டுகோள்களை நம்பத் தேவையில்லை. பிள்ளைகள் ஒரு வாரம் வெயிலில் சிரித்து விளையாடினார்கள் என்பது தன்னளவில் நல்ல விஷயம். அதற்கு மருந்துச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டாம்.

பயன் எங்கே தங்கும், எங்கே கரையும் என்பதைப் பிரிப்பது மிகச் சாதாரணமான ஒரு பொருள்: ஸ்கீ வைத்திருக்கும் கொட்டகையின் சாவி. கொட்டகை என்றால் பெரும்பாலும் பள்ளி வளாகத்து அறையோ, கானெக்ஸ் எனப்படும் பழைய சரக்குப் பெட்டகமோதான். தன்னார்வலர் போன திங்கட்கிழமை அதை யார் திறப்பார்கள்? உடற்பயிற்சி ஆசிரியரா, பள்ளிச் சமையற்காரரா, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியா? யாராக இருந்தாலும் சரி, ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அந்தக் கொட்டகை அடுத்த மார்ச்தான் திறக்கும்.

அதனால் ஒரு திட்டத்தில் சேரவோ பணம் தரவோ யோசிப்பவர் கேட்க வேண்டியவை:

1. அழைத்தது யார்? கிராமத்துப் பள்ளியோ பழங்குடி மன்றமோ கூப்பிட்டதா, திட்டமே தேதி குறித்துக்கொண்டு போகிறதா?

2. சாவி யாரிடம் இருக்கும்? அந்த ஆளுக்கு இந்த வாரத்தில் தனிப் பயிற்சி உண்டா? பைண்டிங் மாட்ட, உடைந்ததைக் கழற்ற, பூட்ஸ் உலர்த்த அவருக்குத் தெரியுமா? உள்ளூர் ஆள் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் இதைக் கற்றுத்தருவது, பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுப்பதைவிடப் பயன் தரும் என்பது என் கணிப்பு.

3. எந்த அளவு பூட்ஸ் எத்தனை? பலர் ஸ்கீயைத்தான் எண்ணுவார்கள். ஒரே ஸ்கீ உயரத்தில் சற்று முன்பின் இருக்கும் பல பிள்ளைகளுக்குப் பொருந்திவிடும். பூட்ஸ் அப்படிப் பொருந்தாது. முப்பது ஜோடி ஸ்கீயும் பெரியவர் அளவில் பதினைந்து பூட்ஸும் இருக்கும் பள்ளியில் சின்ன வகுப்புகள் வேடிக்கைதான் பார்க்கும்.

4. பெரிய பிள்ளைகளுக்குப் போக ஏதாவது இடம் உண்டா? 1970-இல் யெல்லோநைஃபில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டில் ஸ்கீ போட்டிகள் உண்டு. பள்ளிகளுக்கு இடையே ஒரு சின்னப் பந்தயம் இருந்தால்கூடப் போதும். போட்டியில் நாட்டம் இல்லாத பிள்ளைக்கு மீன்பிடிக்கும் இடத்துக்கு ஸ்கீயில் போய் வருவதே ஒரு காரணமாகலாம்.

5. படம் எடுக்கும் விதி என்ன? பிள்ளைகளின் முகம் நன்கொடை அறிக்கையில் வருவதற்குப் பெற்றோரின் சம்மதம் வாங்கப்பட்டதா?

இந்த ஐந்துக்கும் நல்ல பதில் வைத்திருக்கும் திட்டம் அபூர்வம். மூன்றுக்கு இருந்தாலே போகலாம். இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால் மற்ற நான்கும் இருந்தும் யோசிக்கத்தான் வேண்டும்.

கடைசி நாள் வேலையைப் பார்த்தே ஒரு குழுவின் தரத்தைச் சொல்லிவிடலாம். பாதிக் குழுக்கள் அன்று பந்தயம் வைத்து, படம் எடுத்து, சூடாகச் சாக்லேட் பானம் ஊற்றிக் கொடுத்து முடித்துவிடும். நல்ல குழு மதியமே பந்தயத்தை முடித்துக்கொண்டு, நனைந்த பூட்ஸ்களின் நாக்கை வெளியே இழுத்து, கூடத்தின் சூட்டில் காயவைக்கும். மாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு ஜோடியின் லேஸையும் ஒன்றோடொன்று முடிந்து, அளவுவாரியாகப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் தடித்த மார்க்கரால் எண் எழுதுவார்கள். எந்த அளவு குறைகிறது என்ற பட்டியலின் ஒரு படி சாவி வைத்திருப்பவரிடம், இன்னொன்று விமானத்தில்.